மோட்டார் ஓடும் நேரம்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நானும் சின்னவளும் சௌக்கியம். அங்கே நீங்கள், அண்ணி, நமக்குப் பெண் கொடுத்த மாமா மூவரும் சௌக்கியம்தான் என்று அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டதிலிருந்து தெரிகிறது.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பீர்கள் என்று எழுத வந்தேன். நீங்கள் பதறி யார் பார்த்தது? அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் கேட்க வழியில்லை. நான் காலையில் தும்மினால் மத்தியானத்துக்குள் அண்ணி மாத்திரையின் பெயர் சொல்கிறார்கள். கடிதத்தை இந்தக் காலத்தில் யாரும் மோப்பம் பிடிப்பதில்லை. அதனால் நீரேற்று நிலைய முகவரிக்கே போடுகிறேன். நீங்களும் என் பணிமனைக்கே பதில் போடுங்கள். சகலைகளுக்குள் ஒரு ரகசியமாவது இருக்கட்டும்.

டிசம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் ஆளுயர அலமாரிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார். பிரேக் அடித்தேன். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ்ஸுக்குள் நின்றிருந்த ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. என் கண்டக்டருக்கு, விசில் என்று கூப்பிடுவோமே அவருக்கு, நெற்றியில் நாலு தையல். வெயில் கண்ணாடியில் பட்டு என் கண் கூசியிருக்கும், ஓட்டுநர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு எடுத்த மருத்துவச் சோதனையில்தான் ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. பஸ்ஸை விட்டு இறக்கிப் பணிமனையில் சும்மா உட்காரவைத்துவிட்டார்கள். ஜூலையில் மறுசோதனை. அதிலும் தேறவில்லை என்றால் ஸ்டியரிங்குக்கு ஒரு கும்பிடு. பணிமனை வாசலில் உட்கார்ந்து வருகிற போகிற பஸ்ஸின் எண்ணை ஓய்வு பெறும் வரை எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பத்தொன்பது வருஷம் ஓட்டியவன் அண்ணா. அது தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"டென்ஷனைக் குறைங்க" என்றார் டாக்டர். "எப்படிங்க?" என்றேன். "அது ஆளுக்கு ஆள் மாறும்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆளுக்கு ஆள் எப்படித்தான் மாறுகிறது என்று அன்றிலிருந்து ஒரே குடைச்சல். முதலில் உங்களைக் கேட்கிறேன். போன மாதம் மாமா குளியலறைக் குழாயைக் கழற்றிப் போட்டு வீடு முழுக்க வெள்ளக்காடானபோது, நீங்கள் பேன்ட்டை மடித்துக்கொண்டு, "நம்ம டிபார்ட்மென்ட் தண்ணிதானே" என்றீர்களாம். உங்கள் அலுவலகத்திலும் உங்களுக்குப் பாறை என்றுதான் பெயராமே. அந்த வித்தை என்ன? மறைக்காமல் எழுதவும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 20

சகலைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியம் உன் கையெழுத்திலேயே தெரிகிறது. அடித்துத் திருத்தாத வரி ஒன்றுகூட இல்லை.

உன் கடிதத்தை இங்கே தண்ணீர் பரிசோதிக்கும் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். "உங்களுக்கு லெட்டரா!" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையில் தந்தார்.

வித்தை எல்லாம் ஒன்றுமில்லை. தண்ணீர் மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது, நான் நடுவில் நிற்கிறேன். அவ்வளவுதான். ஆனால் உன் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும் என்றால் ஆளாளாகக் கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே? உனக்குத்தான் இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது. பணிமனையில் ஒருவர் விடாமல் கேள். கேட்டதை எனக்கும் எழுது. இந்த வயதில் எனக்கு இப்படி ஓர் ஆசை வரும் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று செய். அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி, கூடவே ஒரு நோட்டுப் போடு. அழுத்தம் எப்போது ஏறுகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், எல்லாவற்றையும் குறித்துவை. எங்கள் குழாயில் எங்கே கசிகிறது என்று அப்படித்தான் பிடிப்போம்.

மாமா நலம். நேற்று சுவர்க்கடிகாரத்தைப் பிரித்து, சக்கரங்களை ஒவ்வொன்றாக எனக்குப் பரிசளித்தார். வாங்கி வைத்திருக்கிறேன். சின்னவளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம், அங்கும் அப்படித்தானே? நேரே விஷயத்துக்கு வருகிறேன், வாய் துறுதுறுக்கிறது.

எங்கள் மெக்கானிக் ஸ்பேனரைத் தெரியுமல்லவா, கோபம் வந்தால் பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவாராம். ரிப்பேர் ஒன்றும் கிடையாது. "அடியில படுத்துட்டா யார் கூப்பிட்டாலும் கேக்கலன்னு சொல்லிக்கலாம் பாரு" என்றார். ஒன்பது வருஷமாக அவரைப் பெரிய உழைப்பாளி என்று நம்பி வந்திருக்கிறோம். சிற்றுண்டிச்சாலை அம்மா மனசு கனத்தால் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். "எல்லாத்துக்கும் சேர்த்து அழுதுக்கலாம் தம்பி, ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." அலுவலக எழுத்தர் பென்சில் சீவுகிறார். எழுதுவதெல்லாம் பேனாவில்தான், பென்சில் சீவுவதற்கு மட்டும். எனக்கு மிகவும் பிடித்தவர் நேரக் காப்பாளர். நிறுத்தப்பட்டுப் போன வழித்தடங்களின் பழைய கால அட்டவணையை மேசைக்குள் வைத்துப் படிக்கிறார். "இதுல எந்த பஸ்ஸும் லேட்டா வராதுப்பா" என்கிறார்.

ஒவ்வொன்றாக நானும் செய்து பார்க்கிறேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்ததும் தூங்கிவிட்டேன். வாயில் ஆயில் சொட்டியதும் எழுந்தேன். வெங்காயம் இரண்டு கிலோ உரித்தேன். கண்ணீர் வந்தது, வேறொன்றும் வரவில்லை. பென்சில் பரவாயில்லை.

விசிலிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் இப்போது வேறு பஸ். பார்க்கும்போதெல்லாம் அவசரமாக இருக்கிறார். நானும் அவசரமாக இருக்கிறேன்.

நோட்டின் பத்து நாள் பக்கங்களைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் கசிவைக் கண்டுபிடியுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 16

சகலைக்கு,

நலம். அவ்விடத்து நலம் நோட்டில் பார்த்தேன்.

கால அட்டவணைக்காரருக்கு என் தனிப்பட்ட வணக்கத்தைச் சொல். அந்த ஆளோடு ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும் போலிருக்கிறது.

உன் நோட்டை மூன்று தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சின்னவளோடு பெரிய சண்டை என்று எழுதியிருக்கிறாய், அன்று அழுத்தம் இறங்கியிருக்கிறது. அடிக்கடி போடு. வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்ட அன்றும் ஏறவில்லை. ஆனால் தினமும் காலை ஒன்பதே முக்கால் வாக்கில் ஏறுகிறது, நீ பென்சில் சீவினாலும் ஏறுகிறது, சும்மா இருந்தாலும் ஏறுகிறது. அது விபத்து நடந்த உன்னுடைய பழைய இரண்டாவது நடை கிளம்பும் நேரம் அல்லவா?

இன்னொன்று. பிப்ரவரி இருபத்தைந்து, செவ்வாய்க்கிழமை, எல்லா நாளையும்விட அதிகம். "பணிமனைக்குள் ஒரு பஸ்ஸைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள்" என்று குறித்திருக்கிறாய். நிறுத்தினாயா இல்லையா என்று குறிக்கவில்லை.

சும்மா ஓர் ஆர்வத்தில் கேட்கிறேன். அந்தக் கண்ணாடிக்காரரை நீ முதலில் எங்கே பார்த்தாய்? சாலையோரத்தில் நிற்கும்போதா, இறங்கி வரும்போதா?

இங்கே மற்றபடி எல்லாம் சீராகப் போகிறது. மாமா செருப்பில்லாமல் கடைத்தெரு வரை நடந்து போய்விட்டார். அழைத்து வந்துவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

அனைவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

பஸ்ஸைத் தள்ளி நிறுத்திய விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று எனக்கு இடுப்பு வலி, வேறொருவர் நிறுத்தினார். கண்ணாடிக்காரர் கதையெல்லாம் விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது, மறுபடி எதற்கு?

நூல்கண்டுச் சிக்கலைப் பிரிப்பது என்று ஒரு புது வழி பிடித்திருக்கிறேன். சின்னவள் தைக்கிற நூலை முதல் நாள் நானே சிக்கலாக்கி வைத்துவிடுகிறேன். நன்றாகத்தான் போகிறது. ஆனால் உங்கள் வித்தையை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. வாயைத் திறக்கிறீர்களா பாருங்கள்!

அதற்குள் சில வேலைகள், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூரை ஒழுகுகிறது. வீட்டுக்காரர் நான் சொன்னால் காதில் வாங்குவதில்லை, நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் மடங்கிவிடுவார். சின்னவள் பழையபடி தையல் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். போகலாமா வேண்டாமா என்று நீங்களே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். என் பெரியப்பா மகன் தன் அப்பாவோடு பேசுவதில்லை, அதையும் நீங்கள்தான் கூட்டிவைத்துப் பேச வேண்டும். உங்களிடம் சொல்லிவிட்டால் எனக்குப் பாதி அழுத்தம் இறங்கிவிடுகிறது அண்ணா.

உங்கள் தம்பி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

நலம். நீங்கள்?

நாலு வாரமாகக் கடிதம் இல்லை. சின்னவளை விட்டுக் கேட்கச் சொன்னேன், "உன் அத்தானுக்கென்ன, அவர் பாட்டுக்கு இருக்கார்" என்று அண்ணி சொன்னார்களாம். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலில் போய் நிற்கிறேன். என் நோட்டில் இப்போது தபால் வரும் நேரத்திலும் அழுத்தம் ஏறியிருக்கிறது.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி


மே 9

சகலைக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்.

இங்கே மூன்று பெரிய மோட்டார்கள். மூன்றும் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், யார் மேலோ வந்த கோபத்தில், அவை ஓடும்போது உள்ளே நின்று வாய்விட்டுக் கத்திப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெளியே வந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலை பதினோரு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் கத்துவேன். அதிகாரியை, மேல்வீட்டுக்காரரை, உன் அண்ணியை, என் முழங்காலை, எல்லாரையும். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பாறையாக உட்கார்ந்துகொள்வேன். நீ கேட்டாயே, இதுதான் அந்த வித்தை. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் மூன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. கூரை, தையல் வேலை, பெரியப்பா மகன். படித்துவிட்டு நேரே உள்ளே போனேன். என்ன கத்தினேன் என்று அப்படியே எழுதுகிறேன். "கூரை ஒழுகுனா நானாடா வந்து ஏறணும்? எல்லாரும் எங்கிட்டயே கொண்டுவந்து கொட்டுறீங்களே, நான் எங்கடா போய்க் கொட்டுறது? சகலை, உன் கையெழுத்தைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருதுடா!"

"வருதுடா" என்பதற்கு முன்னாலேயே கரண்ட் போய்விட்டது. மூன்று மோட்டாரும் நின்றுவிட்டன. என் குரல் மட்டும் நிலையம் முழுக்க ஓடியது. கதவைத் திறந்தால் பொறியாளர், மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த இரண்டு பேர், பரிசோதனை அம்மா, நாலு பேரும் நிற்கிறார்கள். பொறியாளர்தான், "கரண்ட் எப்ப வரும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பிறகு என்னால் கத்த முடியவில்லை. மோட்டார் ஓடுகிறது, வாயைத் திறக்கிறேன், எப்போது நின்றுவிடுமோ என்று காது அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐந்து வாரமாக எல்லாம் உள்ளேயே கிடக்கிறது. உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம் அல்ல, அவமானம்.

மாமாவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் வேடிக்கை மாதிரி எழுதினேன். ஏழு மாதமாக நான்தான் அவரைக் குளிப்பாட்டுகிறேன். தினமும் தண்ணீர் ஊற்றும்போது, "நீங்க யாரு?" என்று கேட்கிறார். "பெரிய மாப்பிள்ளை" என்கிறேன். சோப்புப் போடும்போது மறுபடி, "நீங்க யாரு?" பதினைந்து தடவை பொறுமையாகச் சொல்வேன். பதினாறாவது தடவைக்குத்தான் எனக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் சௌக்கியம் என்று எழுதியது வழக்கத்துக்காக எழுதியது, சகலை.

ஒரு விஷயம் மட்டும் வேடிக்கை. மறுநாள் பரிசோதனை அம்மா என்னிடம் தனியாக வந்து, "சார், தப்பா நினைக்கலன்னா, நாளைக்கு மோட்டார் ஓடும்போது எனக்கு ஒரு பத்து நிமிஷம் தருவீங்களா?" என்று கேட்டார். அவருக்குப் பிறகு பொறியாளரும் கேட்டார். இப்போது இருவரும் முறை வைத்துக்கொண்டு போகிறார்கள். வித்தை கைமாறிவிட்டது, எனக்குத்தான் இல்லை.

அண்ணன்


மே 15

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள்? ஒரே வார்த்தையில் பதில் எழுதாதீர்கள்.

உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். கடிகாரம், கடைத்தெரு எல்லாமே இருக்கின்றன. நான்தான் கதை படிப்பது மாதிரி படித்துவிட்டு என் நோட்டுக்குத் தாவியிருக்கிறேன். ஊரில் எல்லோரிடமும் "எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தவன், உங்களிடமும் கேட்டேன், பதிலுக்காகக் காத்திருக்காமல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். மாமாவை இங்கே அழைத்து வந்துவிடுகிறேன். பஸ் ஓட்டாமல் சும்மாதானே இருக்கிறேன். சின்னவளிடம் சொன்னேன். "நானே கேக்கணும்னு இருந்தேன், உங்களுக்கு இருக்கிற டென்ஷன்ல எப்படிக் கேக்கிறதுன்னு விட்டுட்டேன்" என்று சொல்லி அழுதாள். வேலை விஷயத்தையும் நானே பேசிவிட்டேன், போகிறாள். கூரையை நானே ஏறிச் சரிசெய்தேன். இன்னும் ஒழுகத்தான் செய்கிறது, வேறு இடத்தில்.

வரும்போது எனக்கும் ஒரு பத்து நிமிஷம் மோட்டார் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி


ஜூன் 3

சகலைக்கு,

நீ ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றதால் விவரமாக எழுதுகிறேன். வலது முழங்கால் வலிக்கிறது. தூக்கம் வருகிறது, ஏழு மாதக் கடனுக்கும் சேர்த்து வருகிறது. மாமா போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. "நீங்க யாரு?" என்று கேட்க ஆளில்லாமல், நேற்றுக் குளிக்கும்போது நானே ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொண்டேன். உன் அண்ணி கதவுக்கு வெளியே நின்று சிரித்தாள். அவளிடம் மோட்டார் கதையையும் சொல்லிவிட்டேன். "என்னையும் திட்டுனீங்களா?" என்று கேட்டாள். "தினமும்" என்றேன். "பரவால்ல, நானும் மாவு பிசையிறப்போ உங்களைத்தான் குத்துவேன்" என்றாள். இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பத்து நிமிஷம் கேட்டவன் இருபத்தைந்து நிமிஷம் உள்ளே இருந்தாய். ஆர்வம் தாங்காமல் கதவில் காதை வைத்துப் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. நான் பராமரிக்கிற மோட்டார் அப்படி. வெளியே வந்தபோது உன் கண் இரண்டும் சிவந்திருந்தது. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறதே என்றாய். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ரத்த அழுத்தத்துக்காக ஒருவன் அப்படி அழமாட்டான். நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் படிப்பேன்.

அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

இங்கே மாமா சௌக்கியம். சின்னவள் வேலைக்குப் போகிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன்.

கண்ணாடிக்காரரை முதலில் எங்கே பார்த்தாய் என்று கேட்டீர்கள். எங்கேயும் பார்க்கவில்லை. அவர் சாலையோரத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, எனக்குக் கைகாட்டி, பிறகுதான் இறங்கியிருக்கிறார். நான் அப்போது தலைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நரை. அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன் அண்ணா. விசில் பின்னாலிருந்து "யோவ்!" என்று அலறியதும்தான் சாலையைப் பார்த்தேன். வெயிலும் கூசவில்லை, ஒன்றும் கூசவில்லை. ஒரு மயிருக்காக ஓர் ஆளைக் கொன்றிருப்பேன். விசாரணையில் வெயில் கூசியதா என்று அவர்களே கேட்டார்கள், நான் தலையை ஆட்டினேன். விசிலை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அழுத்தம் எல்லாம் பிறகு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஸ்டியரிங்கில் கையை வைத்தேன், விரல் மடங்கவில்லை. இறங்கி வந்து இடுப்பு வலி என்று சொல்லிவிட்டேன். உங்கள் மோட்டார் அறையில் நான் கத்தியது "பயமா இருக்கு" என்ற ஒரே வார்த்தையைத்தான். இருபத்தைந்து நிமிஷமும் அதையேதான்.

போன வாரம் மேலாளரிடம் போய் மீசைக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் மீசையையே பார்த்தார். பிறகு சத்தம் போட்டார், எழுத்தில் கண்டனம் தந்தார், அது என் கோப்பில் என்றைக்கும் இருக்கும். கடைசியில், "இதைச் சொல்லாம பாஸ் பண்ணிட்டு ஓட்டியிருந்தா என்னய்யா ஆகியிருக்கும்?" என்றார். ஜூலை சோதனை வரை தினமும் பணிமனை வளாகத்துக்குள் காலி பஸ்ஸை ஓட்டிப் பழக வேண்டும் என்று உத்தரவு.

மாமாவை வீட்டில் தனியாக விட முடியாதே, கூடவே கூட்டிப்போகிறேன். மேலாளரும் கண்டுகொள்வதில்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறார். முதல் நாள் வண்டியைக் கிளப்பவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மாமா நாலு தடவை, "எப்ப கிளம்பும்?" என்றார். "இப்ப கிளம்பிடும் மாமா" என்றேன். ஐந்தாவது தடவை எரிச்சலில் கிளப்பியேவிட்டேன். வளாகத்தை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்தினால், "அதுக்குள்ள வந்துடுச்சா?" என்று அவருக்கு ஏமாற்றம். இப்போது இருபது சுற்று வரை போகிறோம். இருபது தடவையும் அவருக்குப் புது ஊர்.

திட்டுவதானால் திட்டி எழுதுங்கள்.

உங்கள் தம்பி


ஜூலை 2

சகலைக்கு,

முழங்கால் தேவலை. கோபம் அவ்வப்போது வருகிறது, உன் அண்ணியிடமே கத்திவிடுகிறேன், அவளும் திருப்பிக் கத்துகிறாள். கேட்க ஆள் இருக்கும்போது கத்துவதில் ஒரு சிரமம், பதில் வந்துவிடுகிறது.

நீ செய்தது சின்ன விஷயம் என்று எழுத மாட்டேன். சின்ன விஷயமாக இருந்தால் நீ இப்படி ஆகியிருக்க மாட்டாய். படித்த அன்று எனக்கு உன் மேல் கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள், நீயாகப் போய்ச் சொன்னாயே என்று பெருமையாக இருந்தது. இரண்டும் உண்மை.

மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தாயா?

சோதனை என்றைக்கு? முடிவு எதுவாக இருந்தாலும் அன்றே எழுது. இங்கே பரிசோதனை அம்மா வரைக்கும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் உன்னை மீசைத் தம்பி என்கிறார், மன்னித்துவிடு, சொல்லிவிட்டேன்.

அண்ணன்


ஜூலை 24

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். மீசைக் கதை முழுவதையும் சொன்னேன். உட்காரச் சொன்னார், டீ கொடுத்தார். "கை சேர்ந்துடுச்சு, பளு தூக்கத்தான் முடியல" என்றார். கிளம்பும்போது, "வந்து சொன்னீங்களே, அது போதும். ஆனா நீங்க ஓட்டுற பஸ்ல நான் ஏற மாட்டேன், தப்பா நினைக்காதீங்க" என்றார். நான் என்ன நினைக்க முடியும்? நியாயம்தான். அதை நான் சுமந்துகொண்டுதான் ஓட்ட வேண்டும்.

பதினேழாம் தேதி சோதனை. அழுத்தம் கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் எல்லைக்குள் இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். "டென்ஷனைக் குறைக்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். "அது ஆளுக்கு ஆள் மாறும் டாக்டர்" என்றேன்.

இன்று காலை முதல் பணி, மாமா சிற்றுண்டிச்சாலை அம்மாவின் பொறுப்பில். பழைய வழித்தடம், பழைய இரண்டாவது நடை. கண்டக்டர் யார் என்று பார்த்தால் விசில். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நெற்றியில் தழும்பு நன்றாகத் தெரிகிறது. ஏறியதும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினோம். பஸ் நிறைய ஆட்கள். முதல் நாலு நிறுத்தம் நன்றாகவே போனது. கண்ணாடிக்காரர் குறுக்கே வந்த அந்த இடம் நெருங்கியது. வண்டியை மெதுவாக்கினேன். பஸ்ஸுக்கு அடியில் படுப்பது, பென்சில், நூல்கண்டு ஒன்றும் அங்கே உதவாது. மோட்டாரும் இல்லை, முப்பது நாற்பது பேர் பின்னால் இருக்கிறார்கள். அப்படியே ஓரமாக நிறுத்தி இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. விசில் ஏதோ தவறு என்று புரிந்துகொண்டு முன்னால் வந்து என் இருக்கைக்குப் பின்னால் நின்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். தலையைத் திருப்பாமல், சாலையைப் பார்த்துக்கொண்டே, சாதாரணக் குரலில் சொன்னேன்.

"பயமா இருக்குய்யா."

விசில் என் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும்தான்" என்றார். "ஓட்டுங்க."

உங்கள் தம்பி